லைன் மௌத்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளே. காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கிறது, என் குரலும் பெரிதில்லை. பின்னுக்கு இருக்கிறவர்கள் முன்னுக்கு வந்து இருங்கள். ஒரு ஊர் தன் கையாலேயே தனக்கு வெளிச்சம் போட்டுக்கொண்ட கதையையும், அந்த ஊரில் ஒரு பெண் ஒன்பது வருடம் ஒரு உண்மையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சோறு தின்ற கதையையும் சொல்லப்போகிறேன். மனதைக் கொஞ்சம் கனக்கப் பண்ணும். இடையில் எழும்பிப் போய்விடாதீர்கள், என்ன?

குச்சவெளியிலிருந்து திரியாய்க்குப் போகிற வழியில், தார் ரோட்டை விட்டு உள்ளே நாலு கட்டை தூரம் போனால் நாவலடிக்குளம். இரண்டே தெரு. பள்ளித்தெருவில் முஸ்லிம் சனங்கள், கோயில்தெருவில் தமிழ்ச் சனங்கள், நடுவில் குளக்கட்டு. சண்டை முடிந்து இரண்டு பகுதியும் திரும்பி வந்து குடியேறியபோது மின்சாரக் கம்பி தார் ரோட்டோடு நின்றுவிட்டது. போய்க் கேட்ட ஆட்களுக்கெல்லாம் அடுத்த வருடம் என்ற ஒரே பதில்தான். அந்த அடுத்த வருடம் வரவேயில்லை.

அப்படியிருக்கத்தான் 2011இல் ஒரு உதவி நிறுவனம் பழைய டீசல் இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. இஞ்சின் வந்ததே தவிர கம்பி இழுக்கவோ போஸ்ட் நடவோ ஆளில்லை. அறுபத்திரண்டு குடும்பம் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாவலடிக்குளம் மின்பாவனையாளர் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். காட்டுக்குள் விழுந்து கிடந்த பாலை மரங்களை இரண்டு தெரு ஆம்பிளைகளும் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். நாற்பத்தொரு போஸ்ட் நட்டு, ஒவ்வொன்றிலும் தாரால் இலக்கம் எழுதினார்கள். வீட்டுக்கு ஒரு மின்குமிழும் ஒரு போன் சார்ஜும். அதுவும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான்.

இஞ்சினைப் பார்க்கிற வேலை கலீலுர் றஹ்மானுக்கு வந்தது. உழவு மெஷின் திருத்திப் பழகிய கை அது. இஞ்சின் கொட்டிலும் அவருடைய வளவுக்குள்ளேயே அமைந்தது. கம்பியில் ஏறுகிற வேலை கோயில்தெருச் சிவகுருநாதனுக்கு. மனுசன் மெல்லிய ஆள். மரத்தில் ஏறினால் கொப்பு அசையாது என்பார்கள். இருவருக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் நக்கலடிக்காமல் ஒரு நாளும் போகாது.

முதல் முதல் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய நாளில் முழு ஊரும் கொட்டில் வாசலில் கூடியிருந்தது. குமிழ்கள் எரிந்தன, பிள்ளைகள் கூவினார்கள், கால் மணித்தியாலத்தில் இஞ்சின் இருமிக்கொண்டு நின்றுபோனது. கலீலுர் றஹ்மான் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். பள்ளி ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் சொல்லுகிற அதே குரலில், "லைன் மௌத்து. ஜனாசா எத்தின மணிக்கெண்டு பிறகு அறிவிக்கப்படும்" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் திருத்திக்கொண்டிருக்க, போஸ்ட்டின் உச்சியிலிருந்து சிவகுருநாதன், "என்ன நானா, ஹயாத்தோ?" என்று கேட்டார்.

அந்தப் பகிடி அன்றோடு போகவில்லை. மௌத்து என்றால் சாவு, ஹயாத்து என்றால் உயிர், ஜனாசா என்றால் அடக்கம், நானா என்றால் அண்ணன், எல்லாம் பள்ளித்தெருச் சொல். ஆனால் கரண்ட் நின்றால் லைன் மௌத்து, வந்தால் லைன் ஹயாத்து என்பது இரண்டு தெருவுக்கும் பழகிப்போனது. கோயில் திருவிழாக் காலத்தில் ஐயரே ஆளனுப்பி, பூசை முடியுமட்டும் லைனை மௌத்தாக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுவார். கூட்ட அறிக்கையிலும் ஓரிடத்தில் 'லைன் மௌத்து நேரம்' என்று எழுதியிருக்கிறது.

சங்கத்தின் ஒழுங்கு விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மூன்றாவது விதி: சுவிச் பொறுப்பாளரிடம் கேளாமல் எவரும் போஸ்ட்டில் ஏறக்கூடாது. அந்த விதியைச் சொல்லி எழுதுவித்தவரே சிவகுருநாதன்தான். துணி அழுத்துகிற அயன்பெட்டி பாவிக்கக்கூடாது என்பது ஐந்தாவது. அயன்பெட்டி குத்தினால் முழு ஊரும் இருளும். யார் குத்தியது என்று பிடிக்கச் சிவகுருநாதன் ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரம் பள்ளிக்கு எதிரில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, வெளியே வருகிறவர்களின் சேட்டு மடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மடிப்புக் குலையாத சேட்டோடு வந்து பள்ளித்தெரு ஸாஜித் இரண்டு தரம் அகப்பட்டான். கோயில்தெருவில் பிடிக்க இப்படி ஒரு நாள் இல்லையே என்று ஸாஜித் கேட்க, அதுக்குத்தான் நல்லூர் முருகப் பெருமானே தன்ர சனத்தைச் சேட்டுக் கழட்டிப்போட்டுக் கும்பிடச் சொன்னவர் என்று பதில் சொன்னாராம்.

2014இல் சூரியத் தகடுகளும் பற்றரிகளும் வந்தன. அதோடு பகலிலும் லைனில் கரண்ட் ஓடத் தொடங்கியது. பகலில் வயலுக்குப் போகிற கலீலுர் றஹ்மானால் மெயின் சுவிச்சோடு நிற்க ஏலாது. சங்கம் கூடி, வளவில் எந்நேரமும் இருக்கிற அவருடைய மனைவி சுபைதாவைச் சுவிச் பொறுப்பாளராகப் போட்டது. நம்முடைய கதை இந்தச் சுபைதாவின் கதைதான்.

ஒழுங்கு இப்படி. எங்கே, எத்தனை மணிக்கு ஏறப்போகிறார் என்று சிவகுருநாதன் காலையிலேயே வந்து சொல்லுவார். அந்த நேரத்துக்குச் சுபைதா சுவிச்சை இறக்கிப் பூட்டுவாள். அவர் போஸ்ட்டின் அடியில் நின்று போனில் "மௌத்தோ?" என்பார். அவள் "மௌத்து" என்பாள். வேலை முடிந்து இறங்கியதும் அவரே எடுத்து "ஹயாத்தாக்குங்கோ தங்கச்சி" என்பார். இரண்டு வருடம் அப்படிப் போனது. கையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் வைத்திருந்தாலும் தங்கச்சியின் சொல்லுக்கு மேலே டெஸ்டர் என்னத்துக்கு என்று அவர் அதை எடுப்பதில்லை. சுபைதாவுக்கு அது உள்ளூரப் பெருமை.

2016 ஆவணியில் ஒருநாள். அதற்கு முந்தின இரவு யானை வந்து பதினேழாம் போஸ்ட்டில் முதுகு சொறிந்துவிட்டுப் போயிருந்தது. போஸ்ட் சாய்ந்து கம்பி மரக்கொப்பில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு ஏறுகிறேன் என்று சிவகுருநாதன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் கலீலுர் றஹ்மானுக்கு நெஞ்சுக்குள் இறுக்கிக்கொண்டு வந்தது. வாய்வுதான் என்றார். மகள் இன்ஷிராவும் மருமகனும் விடவில்லை, ஓட்டோவில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தன் காலாலேயே நடந்துபோய்த்தான் ஏறினார். சுபைதாவும் ஏறப் போனபோது, "நீ லைனப் பாரு. சிவகுரு ஏறப்போறான். அது முடிஞ்சு பஸ்ஸில வா" என்றார். குளக்கட்டில் எதிரே சைக்கிளில் வந்த சிவகுருநாதன் ஓட்டோவை மறித்து, என்ன ஏதென்று விசாரித்துவிட்டுத்தான் விட்டாராம்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும். சுவிச்சை இறக்கச் சாவியை எடுத்துக்கொண்டு சுபைதா வீட்டுப் படி இறங்கினாள். போன் அடித்தது. இன்ஷிரா.

"உம்மா, வாப்பா மௌத்தாகிட்டாரு."

சுபைதா அந்தப் படியிலேயே இருந்துவிட்டாள். அழவில்லை. அழுகை வருவதற்கும் ஒரு நேரம் வேண்டும், அந்த நேரம் அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. முற்றத்தில் அவர் காலையில் கழற்றிப்போட்ட செருப்புக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனதென்று அவளுக்குத் தெரியாது. மறுபடி போன் அடித்தது. சிவகுருநாதனின் குரல்.

"தங்கச்சி, மௌத்தோ?"

ஓட்டோவைக் கண்டவர். விசாரித்தவர். செய்தி அவருக்கும் போய்விட்டது, அதுதான் கேட்கிறார் என்று அவளுக்குப் பட்டது. வேறொன்றும் படவில்லை, என் பிள்ளைகளே. அந்த நேரத்தில் உலகத்தில் மௌத்தானது ஒரேயொருவர்தான்.

"ஓமண்ணன். மௌத்து" என்றாள். குரலில் கண்ணீர் இல்லாததால் அது எப்போதும் சொல்லுகிற மௌத்தைப் போலவே போய் அவர் காதில் விழுந்தது.

"சரி" என்று அவர் போனை வைத்தார்.

பதினேழாம் போஸ்ட்டில் கரண்ட் இருந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வயலுக்குள் நின்ற ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் நிலத்தில் கிடந்தார். கீழே விழுந்த போன் கல்லில் அடிபட்டு உடைந்து கிடந்தது. சங்கச் செயலாளராக இருந்த பாஹிம் கொட்டிலுக்கு ஓடினான். சுவிச் மேலேதான் இருந்தது. அதை இழுத்து இறக்கினான். வீட்டுப் பக்கம் பார்த்தால், சுபைதாவைச் சுற்றிப் பெண்கள் கூடிக் கதறிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரே நாள் ஊரிலிருந்து இரண்டு ஆம்பிளைகளை எடுத்துக்கொண்டு போனது. ஒருவரை அன்று பின்னேரமே அசர் தொழுகையோடு அடக்கினார்கள். மற்றவரை மரண விசாரணையெல்லாம் முடிந்து மறுநாள் எரித்தார்கள். சிவகுருநாதன் போஸ்ட்டிலிருந்து விழுந்துவிட்டாராம் என்று யாரோ சொன்னது, தண்ணீருக்கடியில் இருக்கிறவள் காதில் விழுகிற மாதிரித்தான் சுபைதாவின் காதில் விழுந்தது. அவள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே இறங்காமல் இருப்பது அவர்கள் முறை. செத்தவீட்டுக்குப் போக ஏலாது. மௌத்து வீட்டில் போய்ச் சுவிச்சைப் பற்றிக் கேட்கிற துணிவு யாருக்கு வரும்? பாஹிம் தனக்குத் தெரிந்ததை வைத்து எழுதினான். புருஷனின் செய்தி கேட்ட கலக்கத்தில் சுபைதா சுவிச்சை இறக்க மறந்தாள், அது மன்னிக்கக்கூடியது, சிவகுருநாதன் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேளாமல் ஏறிவிட்டார். கூட்ட அறிக்கையில் ஒரே வரி: 'விதி மூன்றை மீறி, கேளாமல் ஏறியதால் நேர்ந்த விபத்து.'

முதல் பதினொரு நாளும் சுபைதாவுக்குச் சிவகுருநாதன் மேல் கோபம். கூடித் திரிந்தவர் மௌத்தான செய்திக்கு வெறும் சரி என்று சொல்லிப் போனை வைக்கிற மனுசனா இவர் என்று. அவரும் போய்விட்டாரே என்ற கவலைக்குள்ளும் அந்தச் சரி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் தாய்க்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த இன்ஷிரா, பாவம் சிவகுரு மாமா, ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிவிட்டாரே என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"என்னட்டக் கேட்டவர்தானே" என்றாள் சுபைதா.

"எப்ப உம்மா?"

நீட்டிய கவளத்தைச் சுபைதா வாங்கவில்லை. மௌத்தோ. ஓமண்ணன், மௌத்து. சரி. அந்த மூன்று சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வேறு முகத்தோடு வந்து நின்றன. சுபைதா தண்ணீர் குடித்தாள். பிறகு, "அது முந்தி ஒருநாள்" என்றாள்.

போனில் சொன்னது பிழைதான், ஆனால் அது பாவமில்லை. இப்படி மறைக்கிறதுதான் பாவம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டாள். இத்தா முடியட்டும் என்று விட்டாள். முடிந்து வெளியே வந்தபோது சொல்லவேண்டிய ஆளே படலையைத் திறந்துகொண்டு வந்தாள். சிவகுருநாதனின் மனைவி புஷ்பவதி, கையில் ஒரு சட்டி குரக்கன் கூழோடு.

"எங்கள் இரண்டு பேரையும் ஒரு நாளில விட்டிட்டுப் போட்டினம்" என்று சொல்லிச் சுபைதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறி, உன் மனுசனை நான்தான் ஏற்றினேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் விட்டதில்லை. நோன்புக்குக் கஞ்சி இந்த வீட்டிலிருந்து போகும், பொங்கல் அந்த வீட்டிலிருந்து வரும். காய்ச்சல் என்றால் மற்றவள் பாயைக் கொண்டுவந்து போட்டுப் படுப்பாள். ஆனால் புஷ்பவதி தன் புருஷனுக்காக ஒழுங்காக அழுததில்லை. அவளுக்கு அவர் மேல் கோபம். "சட்டம் எழுதினதும் இந்த மனிசன், மீறினதும் இந்த மனிசன். ஒரு சொல்லுக் கேட்டிட்டு ஏற வாய் நொந்ததோ" என்று படத்துக்கு முன் நின்று ஏசுவாள். திவசத்தையும் கடமைக்குத்தான் செய்வாள். சுபைதா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. யாராவது கேளாமல் ஒன்றைத் தொட்டால், முந்திரிக்கொட்டைத்தனமாக ஒன்றைச் செய்தால், 'சிவகுரு ஏறின மாதிரி' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். குரோதமில்லை, பழக்கம். அவரை ஒருநாளும் காணாத சின்னப் பிள்ளைகளும் சொல்லும். அவருடைய மகன் யதுர்சன் மின்வேலை படித்தவன். ஊருக்குள் எவரும் அவனைக் கம்பி தொடக் கூப்பிடவில்லை. கொழும்பில் ஒரு கடையில் பெட்டி தூக்குகிறான்.

இப்படியே ஒன்பது வருடம். போன வருடக் கடைசியில் அரசாங்க லைன் தார் ரோட்டிலிருந்து உள்ளே வருவது நிச்சயமானது. கொங்கிரீட் போஸ்ட்டுகள் வந்து இறங்கின. சங்கத்தைக் கலைக்க வேண்டும். கலைக்கும் கூட்டத்தில் ஒரு சின்ன மலர் வெளியிடுவோம், சங்கத்தின் வரலாறு அதில் இருக்கட்டும் என்று தலைவராகிவிட்ட பாஹிம் சொன்னான். எழுதுகிற வேலையைப் பாலர் பாடசாலை ஆசிரியை சோபனாவிடம் கொடுத்தார்கள். அவள் பழைய கூட்ட அறிக்கைகளையெல்லாம் பார்த்து எழுதி, சரி பிழை பார்க்கச் சுபைதாவிடம் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள்.

பாலை மரம் சுமந்தது வந்தது. லைன் மௌத்துப் பகிடி வந்தது, சுபைதா சிரித்தாள். பிறகு 'விதி மூன்றை மீறி' என்ற அந்த வரி வந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிடு பிள்ளை என்றாள் சுபைதா.

"எடுக்கலாம் அன்ரி. ஆனா கம்பியில ஏறின மனிசன் என்னெண்டு செத்தவர் எண்டு வாசிக்கிற சனம் கேக்கும்தானே. இது பிழையெண்டால் சரியானதைச் சொல்லுங்கோ, எழுதுறன்" என்றாள் சோபனா. குத்திக் கேட்கவில்லை, பேனையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சரியானது. அது இந்த உலகத்தில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அச்சில் ஏறிவிட்டால் பொய்க்குக் கால் முளைத்துவிடும், தான் மௌத்தான பிறகும் அது நடக்கும் என்று சுபைதாவுக்கு விளங்கியது. நாளைக்குச் சொல்லுகிறேன் என்று சோபனாவை அனுப்பிவிட்டு, சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பாஹிமின் கடைக்குப் போனாள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

 பாஹிம் மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ராத்தா, இத இதோட விடுங்க. லைன் வரட்டும், சங்கத்தக் கலைப்பம். இப்ப கிளறினா, முஸ்லிம் பொம்புள சொன்ன சொல்லாலதான் எங்கட ஆள் செத்தான் எண்டு அங்கால சொல்லுவாங்க. இங்கால ஆக்கள் சும்மா இருப்பாங்களா?" என்றான். சற்றுப் பொறுத்து, "எழுதினது நான். என்னையும் கேப்பாங்க. அதையும் மறைக்கல்ல" என்றான். நல்லவன்தான். பயம் அவனுக்கும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து முன்கடையில் ஒரு பையன் சோடாப் போத்தலைத் தானே எடுத்திருப்பான் போலும். மர வாங்கின் நுனியில் குந்தியிருந்த ஸாஜித்தின் குரல் கேட்டது. "டேய், சிவகுரு ஏறின மாதிரி எடுக்காத. கடைக்காரனக் கேட்டுட்டு எடு." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாஹிம் சுபைதாவின் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தான். சுபைதா வெளியே வந்தாள். வழியிலேயே முடிவெடுத்துவிட்டாள். கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊரோடு ஊராக இருந்து புஷ்பவதி அதைக் கேட்கக்கூடாது. அவள் காதில் அது முதலில் விழவேண்டும்.

கூட்டம் சனிக்கிழமை பின்னேரம். அன்று காலை போனபோது புஷ்பவதி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள். சுபைதா இருக்கவில்லை. இருந்தால் வேறு கதை வந்துவிடும் என்ற பயம்.

"புஷ்பக்கா, அண்ணன் கேக்காம ஏறல்ல. என்னட்டக் கேட்டவர். நான்தான் மௌத்து எண்டனான்."

திருவுகிற சத்தம் நின்றது. சுபைதா படியில் இருந்ததையும், இன்ஷிராவின் போன் வந்ததையும், அடுத்த போன் வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் தெரிந்துகொண்டதையும், தெரிந்தே விழுங்கியதையும் சொன்னாள்.  எல்லாம் முடிந்த பிறகுதான் புஷ்பவதி வாய் திறந்தாள்.

"என்னெண்டு கேட்டவர்? அவர் சொன்னபடியே சொல்லுங்கோ."

"'தங்கச்சி, மௌத்தோ' எண்டவர்."

"நீங்கள்?"

"'ஓமண்ணன். மௌத்து' எண்டனான்."

"பிறகு அவர்?"

"'சரி' எண்டவர்."

புஷ்பவதியின் உதடு அசைந்தது. அந்தச் சரியைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். பாதித் தேங்காய் இன்னும் கையிலேயே இருந்தது. அவர் உலகத்தில் கடைசியாகப் பேசிய சொல் எதுவென்று அவளுக்கு இன்றுதான் தெரியும்.

"போனில மாறிச் சொன்னது உங்களில பிழையில்லை, சுபைதா. அது ஆருக்கும் வரும். ஆனா ஒம்பது வருசம் நான் அந்த மனிசனைப் படத்துக்கு முன்னால நிண்டு ஏசினனான். நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். ஒருநாள், ஏசாதேயுங்கோ எண்டாவது சொல்லியிருக்கலாமெல்லோ?"

 கூட்டத்திலும் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சுபைதா சொன்னாள்.

"சொல்லுங்கோ. இப்ப போங்கோ" என்று புஷ்பவதி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொதுநோக்கு மண்டபத்தில் அன்றைக்குக் கதிரை போதவில்லை. வழக்கம்போல இரண்டு தெருவும் கலந்துதான் இருந்தார்கள். சோபனா வரலாற்றை வாசிக்கத் தொடங்கி அந்த இடத்துக்கு வரும்போது சுபைதா எழும்பினாள். முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, காலையில் சொன்னதையே இன்னொரு தரம் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

 கோயில்தெருக் கிழவர் ஒருவர், ஒன்பது வருடமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் பிள்ளை என்று கேட்டார்.

"பயந்துகொண்டிருந்தனான்" என்றாள் சுபைதா.

பின்வரிசையில் ஒருவன், சாவுக்கு வைக்கிற சொல்லை லைனுக்கு வைத்தால் இப்படித்தான் வரும் என்றான். அந்தச் சொல்லை எல்லாரும்தானே சொன்னீர்கள் என்று பள்ளித்தெருவிலிருந்து ஒருவன் எழும்பினான். டெஸ்டர் வைத்துப் பார்க்காதது யார் பிழை என்று இன்னொருவன் கேட்டான். கதிரைகள் இழுபட்டன. கலந்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமாக ஒதுங்குவதைச் சுபைதா கண்டாள். பாஹிம் மேசையைத் தட்டி, எழுதினது நான், விசாரிக்காமல் எழுதினது என் பிழை என்று சொல்லிப்பார்த்தான். அவன் குரல் எடுபடவில்லை.

புஷ்பவதி எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வாசல் நிலையோடு நின்றிருந்தாள். அவளைக் கண்டவர்கள் ஒவ்வொருவராக வாயை மூட, கடைசியில் மண்டபம் அடங்கியது.

"என்ர மனிசனை வைச்சு ஒருத்தரும் சண்டை பிடிக்க வேண்டாம்" என்றாள் அவள். "சோபனா, எழுது பிள்ளை. கேட்டிட்டுத்தான் ஏறினவர் எண்டு எழுது."

சோபனா எழுதினாள். பிறகு தயங்கித் தயங்கி, யாரிடம் கேட்டார் என்றும் எழுதுவதா என்று கேட்டாள். எல்லாத் தலையும் புஷ்பவதியின் பக்கம் திரும்பியது.

"பேர் போட்டு எழுது. அவ ஒளிக்க வரேல்லைத்தானே."

வாசலடியில் ஸாஜித் புஷ்பவதியை மறித்து, வாய்க்கு வந்தபடி கதைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கூட்டம் கலைந்த பிறகு சுபைதா அவளுக்குப் பின்னால் குளக்கட்டு வரை போனாள். புஷ்பக்கா என்று கூப்பிட்டாள்.

"இண்டைக்கு என்னோட கதைக்காதேயுங்கோ, சுபைதா."

"எண்டைக்கு வரட்டும்?"

"தெரியாது" என்றாள் புஷ்பவதி. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

புதிய லைன் வந்துவிட்டது. பாலைப் போஸ்ட்டுகளைப் பிடுங்கி வேலிக்கட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். மலரும் அச்சாகி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் சிவகுருநாதனின் படமும் சுபைதாவின் பெயரும் இருக்கின்றன. கடையில் யாராவது பழக்கத்தில் 'சிவகுரு' என்று தொடங்கினால் பாதியில் நிறுத்தி வேறு கதை கதைக்கிறார்கள். யதுர்சன் ஊருக்கு வந்து ஒரு கிழமை நின்றான், இரண்டு வீட்டில் வயர் இழுத்துக் கொடுத்தான். இந்த வருடத் திவசம் பெரிதாக நடந்ததாம், புஷ்பவதி வாய்விட்டு அழுதாளாம். சுபைதாவுக்கு அழைப்பில்லை. பொங்கலும் வரவில்லை. நோன்புக் கஞ்சியைக் கொடுத்தனுப்பினாள். சட்டி கழுவித் திரும்பி வந்தது, சொல் ஒன்றும் வரவில்லை.

இன்ஷிரா கிண்ணியாவுக்குத் தன்னோடு வந்துவிடச் சொல்லுகிறாள். தனியாக, யாரும் கதைக்காத இடத்தில் என்னத்துக்கு உம்மா என்று போனில் அழுகிறாள். யாரும் கதைக்காமலில்லை, ஒரு ஆள்தான் கதைக்கவில்லை என்கிறாள் சுபைதா. "நான் அங்க வந்திட்டா, அவ ஒருநாள் கதைக்க வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கும்." அதனால் அவள் அங்கேதான் இருக்கிறாள். பின்னேரம் முற்றம் கூட்டிவிட்டுப் படலையைக் கொளுவாமல் விடுகிறாள்.

அவ்வளவுதான், என் செல்வங்களே. நல்ல முடிவாக ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. இனி எழும்பி வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வெளிக்கிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் முழு உடம்போடு சோற்றுக்கு வந்து சேரட்டும். உங்கள் குசினியில் அடுப்பும் பானையும் ஓயாமல் இருக்கட்டும். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், அது அன்றைக்கே சொல்லி அன்றைக்கே அழுது தீர்கிற வீடாக உங்கள் வீட்டை ஆண்டவன் வைத்திருக்கட்டும்.